வெள்ளைப்புள்ளிக்கு மயில்துத்தமா, வாளியா? திருகோணமலைத் தொட்டிக்காரருக்கு ஒரு கணக்கு

"மாமா, மீனுக்கு மேல உப்புத்தூள் கொட்டின மாதிரிக் கிடக்குது."

போன மாதம் ஒருநாள், காலை ஆறு மணிகூட ஆகவில்லை, பக்கத்து வீட்டுப் பொடியன் படலையில் நின்று சொன்னது இது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர், நானும் அவனும். அவனுடையது 150 லீற்றர். இரண்டு கோமாளி மீன், ஒரு வண்ணத்திப்பூச்சி மீன், பவுடர் புளூ என்கிற ஒரு நீல மீன், முதுகில் வெள்ளைக்கோடு போட்ட இரண்டு சிவப்பு இறால், ஒரு கடற்சாமந்தி. பவுடர் புளூவுக்கு அந்தத் தொட்டி காணாது என்று வாங்கும்போதே சொன்னேன். கேட்கிற வயதில்லை. கையில் ஒரு சின்னப் போத்தல், அதற்குள் நீலக் கற்கள். மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்.

"எத்தினை கரண்டி போடுறது?"

நல்லவேளை, கேட்டுவிட்டுப் போட வந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் கேட்காமல் போட்டவன். பெரிய தொட்டிக்குள்ளேயே, கண் அளவில். பின்னேரத்துக்குள் இறால்கள் சரிந்து கிடந்தன, சாமந்தி நனைந்த சீலை மாதிரிச் சுருங்கிப்போயிற்று. தொட்டிக்குள் இருந்த சுண்ணாம்புக் கல் செப்பில் பெரும்பகுதியைக் குடித்துவிட, நோயைத் தந்த ஒட்டுண்ணி மட்டும் சுகமாக இருந்தது. மீன்கள் அடுத்த கிழமைதான் செத்தன. அன்றைக்குக் கற்ற முதல் விசயம்: மருந்து மீனுக்கு, தொட்டிக்கு அல்ல. மீனை வெளியே எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். கீழே நான் ஒப்பிடும் வழிகள் எல்லாம் அந்த வேறு பாத்திரத்துக்கே.

முதலில் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். எந்த நோய் என்று தெரியாமல் வழிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. உப்புக்கல் அளவில், எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள், செட்டையிலும் உடம்பிலும் சிதறி இருந்தால் அது கிரிப்டோகாரியன், நாம் வெள்ளைப்புள்ளி என்பது. எண்ண முடியாதபடி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் மட்டும் திருநீறு பூசினதுபோலத் தெரிந்து, மீன் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்துக்கு எதிரே நின்றால் அது அமைலூடினியம், வெல்வெட். கோமாளி மீனில் தோல் சளியாக உரிந்து தொங்கினால் புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. புள்ளியே இல்லாமல் கண் மங்கி, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். பொடியனின் பவுடர் புளூவில் ஒரு பக்கத்தில் மட்டும் இருபத்தேழு புள்ளி எண்ணினேன். வெள்ளைப்புள்ளிதான்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். நாம் காணும் புள்ளி தோலுக்கு மேல் இருப்பதல்ல, மேல்தோலுக்கு அடியில் இருந்துகொண்டு மீனைத் தின்கிறது. அங்கே எந்த மருந்தும் போய் அதைத் தொடாது. 3 முதல் 7 நாள் தின்று கொழுத்தபின், பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்குகிறது. கல்லிலோ அடியிலோ ஒட்டி, சுற்றி ஓடு கட்டிக்கொள்கிறது. ஓட்டுக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே பிரிந்து பிரிந்து, ஒன்றிலிருந்து 200 வரை குஞ்சுகள் வெளிவரும். பெரும்பாலான ஓடுகள் 3 முதல் 28 நாளுக்குள் வெடிக்கும், ஆய்வுகூடத்தில் 72 நாள் வரை தாக்குப்பிடித்ததும் உண்டு. வெளிவந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும்தான் மருந்துக்கு வேலை.

பூண்டுச் சாறு கொடுத்துச் சுகப்படுத்தினேன் என்று யாராவது சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் புள்ளி தானாகத்தான் விழுந்தது, பூண்டு பெயர் வாங்கிக்கொண்டது. இரண்டு கிழமைக்குள் பத்து மடங்காகத் திரும்பி வரும்போது அவர் அதை வேறு நோய் என்பார். மீனில் ஒட்டியதைக் கொத்தித் தின்னும் சுத்திகரிப்பு இறாலும் இதே கணக்குத்தான், தோலுக்கு அடியில் இருப்பதை அது கொத்தி எடுக்காது. புறஊதாக்கதிர் விளக்கு தண்ணீரில் மிதப்பதைக் குறைக்கும், மீனில் இருப்பதை ஒன்றும் செய்யாது. இவற்றை இத்தோடு விடுகிறேன்.

இனிப் பொடியனின் கரண்டிக்கு வருவோம். செப்பு பழைய மருந்து, வேலை செய்யும் மருந்து, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொல்லும் அளவுக்கும் குணமாக்கும் அளவுக்கும் நடுவே இருக்கும் வரம்பு மிக ஒடுக்கமானது. மயில்துத்தமாகப் போட்டால் தண்ணீரில் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் போகும். மயில்துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செப்பு. அந்தக் கணக்கில் 50 லீற்றர் பெட்டிக்குத் தேவைப்படுவது 40 மில்லிகிராம், குன்றிமணி ஒன்றின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அவன் கொண்டுவந்த தேக்கரண்டியால் ஒன்றே ஒன்று தன் 150 லீற்றருக்குள் போட்டிருந்தால் செப்பு வேண்டியதைப்போல 40 மடங்கு ஆகியிருக்கும். இதைக் கரண்டியால் அளக்க முடியாது. நகைக்கடைத் தராசில் ஒரு கிராம் நிறுத்து 250 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அந்தக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் செப்பு. 50 லீற்றருக்கு 10 மில்லிலீற்றர், அதையும் ஒரே தரத்தில் ஊற்றாமல் இரண்டு நாளில். அதுவும் சுத்தமான ஆய்வுகூடத் தரமாக இருந்தால். தோட்டத்துக்கு வாங்கும் நீலக் கல்லில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று போத்தல் சொல்லாது.

கடையில் போத்தலில் வரும் கட்டுண்ட செப்பு, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செப்பு, இதைவிடச் சாந்தமானது. அதன் அளவு வேறு, பல வகைகளுக்கு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல். போத்தலில் உள்ளதை அப்படியே பின்பற்ற வேண்டும், மயில்துத்தத்தின் அளவோடு குழப்பக்கூடாது. இரண்டில் எதைப் போட்டாலும் செப்பு அளக்கும் சோதனைக் கிட் கட்டாயம், மயில்துத்தம் என்றால் நாளுக்கு இரண்டு தரம். அளவு சரியாக நின்ற நாளிலிருந்து மூன்று, நான்கு கிழமை ஓட வேண்டும். இடையில் ஒருநாள் அளவு இறங்கினாலும் நாட்களைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். பெட்டிக்குள் மணலும் கல்லும் கூடாது, ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒளிந்துகொள்ளப் போதும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைச் செப்போடு சேர்க்கவே வேண்டாம், சில வகைச் செப்பு அதனால் பலமடங்கு நஞ்சாகிறது. நான் செப்புக்கு எதிரி அல்ல. ஆனால் சோதனைக் கிட் கையில் இல்லாதவருக்குச் செப்பு ஒரு தெரிவே அல்ல. பொடியனிடம் கிட் இல்லை. கொழும்பிலிருந்து வரும்வரை பவுடர் புளூ காத்திருக்காது.

அடுத்தது உப்பைக் குறைக்கிற வழி. எனக்குப் பிடித்த வழியாக இருந்தது இது. ஒரு பாட்டம் பட்டபின்தான் இரண்டாம் இடத்துக்கு இறக்கினேன். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் இருக்கும், அடர்த்தி 1.025. அதை இரண்டு நாளில் 1.009க்கு, அதாவது ஆயிரத்துக்கு 12 பங்குக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் வைத்தால் கிரிப்டோகாரியனின் ஓடுகள் குஞ்சு பொரிப்பதில்லை. முள்ளுள்ள மீன்களுக்கு இது பெரிய பாரமில்லை, அவற்றின் இரத்தத்தில் உள்ள உப்பே கடல்நீரின் மூன்றில் ஒரு பங்குதான். உப்பை வெளியே தள்ளும் வேலை குறைவதால் நொந்த மீனுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட. நஞ்சு ஏதும் இல்லை, பாமசிக்கு அலைய வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு நல்லதண்ணி கலந்தால் வேலை முடிந்தது.

முடிந்ததா? 1.009 என்றால் 1.009தான். 1.012இல் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். ஊசி ஆடும் மலிவான மானியில் இந்த வித்தியாசத்தை நம்ப முடியாது, ஒளிமுறிவு உப்புமானி வேண்டும், அதையும் 35க்கான தரக் கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் நல்லதண்ணி என்பதே கொஞ்சம் கரிக்கும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த்தண்ணீரில் குளோரீன். எல்லாவற்றுக்கும் மேலாகக் கச்சான் காற்று. ஆனி, ஆடியில் வாசல் பக்கம் வைத்த 50 லீற்றர் பெட்டி நாளுக்கு ஒரு லீற்றர் ஆவியாக்கும், உப்பு அப்படியே நிற்கும். இரண்டு நாள் மட்டக்களப்புக்குக் கலியாணவீட்டுக்குப் போய் வந்தேன், என் கணக்கு அத்தோடு குழம்பியது. உப்புக் குறைந்த தண்ணீரில் காரத்தன்மையும் இறங்கும், அப்பச்சோடாவைக் கரைத்துக் கரைத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். முடிந்தபின் உப்பை ஏற்றுவது ஒரு கிழமை வேலை, இறக்கினமாதிரி விரைவாக ஏற்ற முடியாது.

இன்னொன்றும் என்னைத் தயங்க வைக்கிறது. உப்பு குறைந்த நீரிலேயே நோய் உண்டாக்கும் கிரிப்டோகாரியனைத் தைவானில் வளர்ப்பு மீன்களில் கண்டிருக்கிறார்கள். மூதூர்ப் பக்கம் மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் மாரிகாலத்தில் கடலும் ஆறும் கலந்துதான் கிடக்கும். அந்தக் குடாவில் பிடித்த மீனை உப்புக் குறைப்பை மட்டும் நம்பி விட எனக்கு மனம் வராது.

குளோரோகுயினைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, கிடைத்தால் நல்ல மருந்து. லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒரே தரம், தண்ணீர் மாற்றினால் மாற்றின அளவுக்கு மட்டும் திரும்பப் போட வேண்டும். வெளிச்சத்தில் சிதையும் என்பதால் பெட்டியை மூடி வைக்க வேண்டும், கரி வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். வெள்ளைப்புள்ளி, வெல்வெட் இரண்டுக்கும் வேலை செய்யும். ஆனால் செப்பை அளப்பதுபோல இதை அளக்க வீட்டுக் கிட் இல்லை, தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமலே ஓட்ட வேண்டும். முன்பு இது ஊரறிந்த மலேரியாக் குளிசை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, நமக்கு நல்லது, மீனுக்குத்தான் சங்கடம். மருத்துவரின் சீட்டு இல்லாமல் கேட்டால் பாமசிக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். பார்க்கவும் வேண்டும். மனிதருக்கான மருந்தை மீனுக்கென்று பொய் சொல்லி வாங்குவது எனக்கு ஒப்பாத வேலை, மிருக வைத்தியர் ஒருவர் எழுதித் தந்தால் மட்டும் பாருங்கள்.

கடைசி வழியில் மருந்தே இல்லை, நான் வாளி வழி என்பது இதைத்தான். மீனை 72 மணித்தியாலத்துக்கு ஒருதரம் புதுத் தண்ணீர் உள்ள புதுப் பெட்டிக்கு மாற்றுவது, அவ்வளவுதான். 1, 4, 7, 10ஆம் நாட்களில் பெட்டி மாறி, 13ஆம் நாள் கடைசிப் பெட்டிக்கு. மீனிலிருந்து விழுந்தது ஓட்டுக்குள் இருந்து குஞ்சு பொரிக்க முன்னரே மீன் அங்கிருந்து போய்விடும். ஒட்டுண்ணி மீனில் தங்கும் காலம் அதிகம் போனால் ஒரு கிழமை என்பதால், நாலு மாற்றத்துக்குள் கடைசியும் விழுந்துவிடும். காலையில் மாற்ற வேண்டும். இரவில்தான் அது இறங்குகிறது, விடிந்ததும் மாற்றினால் இரவு இறங்கியதெல்லாம் பழைய பெட்டியோடு போகும். பழைய பெட்டியைக் கழுவி ஒருநாள் முழுக்க வெயிலில் காய விட்டால் ஓடுகள் செத்துவிடும். ஆவணி வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

இந்த வழியைக் கொழும்பிலும் சென்னையிலும் பலர் தவிர்ப்பதற்கு ஒரே காரணம் உப்பு. பொடியனின் நாலு மீனுக்கு 50 லீற்றர் வீதம் ஐந்து தரம் நிரப்பினால் 250 லீற்றர், அதற்குக் கரைக்க 9 கிலோ அளவில் செயற்கைக் கடலுப்பு. நமக்கோ கடல் ஒழுங்கை முடிவில் கிடக்கிறது. 20 லீற்றர் கான் பதின்மூன்று, ஒரு சைக்கிள், தெரிந்த ஒரு வள்ளக்காரர். திருகோணமலையில் இருந்துகொண்டு வெள்ளைப்புள்ளிக்கு வாளி வழியைவிட்டு மயில்துத்தத்தைத் தூக்குவது எனக்கு விளங்குவதே இல்லை.

ஆனால் கடல் சும்மா கிடைக்கிறது என்பதற்காக எந்தக் கடலும் ஆகாது. உள்துறைமுகப் பக்கமோ, இறங்குதுறை, வாய்க்கால் வாய், களப்பு வாய்க்கு அருகிலோ அள்ள வேண்டாம். மழை பெய்து மூன்று நாலு நாளுக்குள் வேண்டாம். அலை உடையுமிடத்தில் மணல் கலங்கும், நாங்கள் வள்ளத்தில் போய் நிறம் மாறிய ஆழத்தில் அள்ளினோம். அள்ளினதில் ஒட்டுண்ணிக் குஞ்சுகளே இருக்கலாம் அல்லவா? அதற்கு மணம் சேர்க்காத 5 வீத வெளிற்றுத் திரவம், 20 லீற்றர் கானுக்கு 4 மில்லிலீற்றர். ஒருநாள் கழித்து சோடியம் தயோசல்பேற் ஒன்றரைக் கிராம் கரைத்து, குளோரீன் இல்லையென்று சோதித்து, நன்றாகக் காற்று ஊதவிட்டுப் பாவிக்க வேண்டும். மார்கழி என்றால் இந்த வழியையே நான் வேறுமாதிரிச் சொல்லியிருப்பேன். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் வள்ளம் இறங்காது, கொட்டியாரக் குடா மண்ணிறமாகும், அள்ளுகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு கானுக்கும் அளக்க வேண்டும். புரட்டாதிக்குள் இரண்டு பரல் நிரப்பி மூடி இருட்டில் வைத்திருப்பவர்தான் மாரியிலும் வாளி வழியை நம்பலாம்.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியில் கழிவைத் தின்னும் பக்டீரியா இல்லை, மூன்றாம் நாள் அம்மோனியா ஏறும். சாப்பாடு குறைவாகப் போட்டு, மிச்சத்தை உடனே உறிஞ்ச வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் மீனுக்குப் பயம், வலையை விடச் சின்ன வடிதட்டால் அள்ளுவது நல்லது, பழைய தண்ணீரின் துளியும் புதுப் பெட்டிக்குப் போகக்கூடாது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அவசியம். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டுப் பார்த்த எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் பதினைந்து இருபது மீன் வைத்திருப்பவருக்கும் இந்த வழி சரிவராது. அவர் இன்னொரு தொட்டி போட்டுச் செப்பைப் பிடிப்பதுதான் நடைமுறை.

நோய் வெல்வெட் என்றாலும் நான் பக்கம் மாறுவேன். அது உப்புக் குறைப்புக்கு மசியாது, மூன்று நாள் மாற்றத்துக்கும் அடங்காது, செவுளில் ஏறினால் நாலைந்து நாளில் தொட்டியைக் காலி பண்ணும். அன்றைக்கே செப்பு அல்லது குளோரோகுயின். அதனால்தான் கட்டுண்ட செப்பு ஒரு போத்தலும் சோதனைக் கிட்டும் அலுமாரியில் இருக்கட்டும் என்கிறேன், காலாவதித் திகதியைப் பார்த்துக்கொண்டு. தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவான்ரெல், லீற்றருக்கு 2.5 மில்லிகிராம், முட்டை அதற்குத் தப்பிவிடுவதால் ஒரு கிழமையில் திரும்ப ஒருதரம். சந்தேகம் தீர, வெப்பமும் காரமும் சமப்படுத்திய நல்லதண்ணியில் மீனை ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், புழு வெள்ளை எள்ளுப்போல் அடியில் கொட்டும். வெள்ளைப்புள்ளி இந்த முழுக்குக்கு அசையாது. புரூக்ளினெல்லாவுக்கு ஃபோர்மலின் குளிப்பு. அதைத் தனியாகச் செய்து பழக வேண்டாம், மூச்சுக்கும் கைக்கும் ஆகாத சாமான்.

எந்த வழியில் போனாலும் பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும். 72 நாள் தாங்கும் ஓட்டை நினைத்து 76 நாள் என்பது பழைய கணக்கு. எங்கள் சூட்டுக்கு இன்னும் குறைவு போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் 76ஐ விடுவதில்லை. இறாலும் சாமந்தியும் உள்ளேயே இருக்கலாம், ஒட்டுண்ணி அவற்றில் வாழாது. இறாலுக்குக் கிழமையில் இரண்டு தரம் சின்னத் துண்டு கணவாய் போட்டால் போதும்.

பொடியன் கேட்டான். "அப்ப இந்த நீலக் கல்லை என்ன செய்யிறது?"

"உங்கட அப்பான்ர அலுமாரியில பூட்டி வை. கைக்குழந்தை இருக்கிற வீடு."

முதல்நாள் உடுப்பு ஊறப்போடும் பேசினைத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். சவர்க்காரம் பட்ட பாத்திரம் மீனுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பி, 60 லீற்றர்ப் பெட்டி இரண்டு புதிதாக வாங்க வைத்தேன். வண்ணத்திப்பூச்சி மீன் ஐந்தாம் நாள் போய்விட்டது, வந்த நாளிலிருந்தே அது வாய் வைக்கவில்லை, எந்த வழியிலும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பவுடர் புளூவில் எட்டாம் நாள் ஒரு புள்ளி இருந்தது, பத்தாம் நாள் இல்லை. 13ஆம் நாள் மூன்று மீனும் கடைசிப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து என்னுடைய ஒதுக்குத் தொட்டிக்கு வந்தன. பவுடர் புளூ என் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவன் வீட்டுக் கலண்டரில் 76ஆம் நாள் ஐப்பசியில் விழுகிறது, மழை தொடங்கும் நேரம். அதற்குள் இரண்டு பரல் நிரப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வள்ளத்துக்குச் சொல்லியாயிற்று. அவனுடைய அம்மா இப்போதே அந்தப் புதுப் பெட்டிகளில் ஒன்றில் அரிசி போட்டு வைத்திருக்கிறா.